பீரோவை நகர்த்தலாமா?

அன்று பிற்பகல் மழை அடித்துக்கொண்டு பெய்தபோது மூன்றாம் மாடியில் கதவுகளெல்லாம் சாத்திக் கிடந்தன. கொடியில் கிடந்த துணிகளை யாரோ அவசரமாக உருவி, படிக்கட்டுத் திருப்பத்தில் கிடந்த கால் உடைந்த நாற்காலியில் குவித்து, சாரல் அடிக்கும் பக்கமாக ஒரு கறுப்புக் குடையை விரித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

லாண்டரி அக்கா நனைந்த கோழியாக வீடு திரும்பியவள், துணிக் குவியலைப் பார்த்ததும் ஆண்டவனுக்கு நன்றி சொல்லவில்லை. அவள் எல்லாவற்றுக்கும் ஆண்டவனைக் கூப்பிடுகிறவள்தான். ஆனால் அன்றைக்கு முதலில் துணிகளைத்தான் சரிபார்த்தாள். மகள் சின்னவளுடைய சாக்ஸில் ஒன்றைக் காணோம்.

"யாரு அண்ணி துணியைத் தொட்டது?" என்று எதிர் அறைக் கதவைத் தட்டினாள்.

எதிர் அறையில் இருப்பவளை அந்தக் கட்டடமே தையல் அண்ணி என்றுதான் கூப்பிடும். வாயில் நூலைக் கடித்தபடியே கதவைத் திறந்தாள். "குடைம்மா வந்துச்சு. உன்னைத்தான் தேடிச்சு. பூட்டியிருக்கவும் துணியை எடுத்து வெச்சிட்டு நனைஞ்சுக்கிட்டே போச்சு."

"நீங்க எப்படிப் பாத்தீங்க?"

"கதவு இடுக்குல."

"அப்போ நீங்களே துணியை எடுத்திருக்கலாமே?"

"நல்லா கேட்ட போ. கதவைத் திறந்தா அது உள்ள வந்துடுமே."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. லாண்டரி அக்கா குடையைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "எதுக்கு இதை விட்டுட்டுப் போகணும்?"

"திரும்பி வர்றதுக்கு ஒரு சாக்கு வேணும்ல. பொருளை விட்டுட்டுப் போறவங்க சும்மா விட்டுட்டுப் போவாங்களா?"

துணிகளை அள்ளிக்கொண்டு, குடையை மடக்கி, வீட்டுக்குள் போய்க் கட்டிலுக்கு அடியில் கடைசி மூலையில் தள்ளினாள் அக்கா. அன்று முதல் அந்தக் குடையை அவள் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. சாக்ஸைத் திருடியது குடைம்மாதான் என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டாள். ஒற்றைச் சாக்ஸை எடுத்து ஒருவர் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் சந்தேகம் கூடியது.

குடைம்மா என்பவர் வீட்டு வசதி அலுவலகத்துக்காரர். வெயிலோ மழையோ கையில் குடையில்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. வாடகை கட்ட முடியாமல் திண்டாடும் குடும்பங்களுக்கு அலுவலகம் வாடகையில் ஒரு பங்கைக் கொடுக்கும். லாண்டரி அக்காவும் அதற்கு எழுதிப் போட்டிருந்தாள். ஆனால் அதைக் கொடுக்கும் முன் குடைம்மா வந்து அறையைப் பார்க்க வேண்டும். அறை மனிதர் வாழத் தகுதியாக இருந்தால் அங்கேயே உதவி கிடைக்கும். தகுதியில்லை என்று அவர் எழுதினால், வீட்டுச் சொந்தக்காரர் பழுது பார்த்துத் தரவேண்டும். பார்க்காவிட்டால், அந்தக் குடும்பத்தை வரிசையில் முன்னால் நிறுத்தி, அலுவலகம் கைவசம் வைத்திருக்கும் நல்ல வீடு ஒன்றுக்கு மாற்றுவார்கள்.

சட்டம் அப்படித்தான் சொன்னது. அந்தக் கட்டடத்தில் அதை ஒருவரும் நம்பவில்லை.

அவர்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கீழ்வாசலிலிருந்து மேல்மாடி வரைக்கும் வெளிச்சுவரை ஒட்டி ஒரு தண்ணீர்க் குழாய் போகும். அலுவலகத்திலிருந்து யாராவது உள்ளே நுழைந்தால், கீழே இருப்பவர் கரண்டியால் அந்தக் குழாயைத் தட்டுவார். டங் டங் என்று மாடிக்கு மாடி சத்தம் ஏறும். உடனே மூன்றாம் மாடியின் பொதுச் சொத்தான பெரிய இரும்புப் பீரோ நகர ஆரம்பிக்கும். எந்த அறையைப் பார்க்க வருகிறார்களோ அந்த அறைக்கு ஆண்கள் அதைத் தள்ளிக்கொண்டு போய், சுவரில் ஈரம் ஊறிக் கறுத்துப்போன இடத்தை மறைத்து நிறுத்துவார்கள். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் கை கொடுப்பார்கள். ஒருத்தர் சுவரைக் காட்டினால் எல்லார் சுவரும் வெளியே வரும். அப்புறம் கட்டடத்தையே மூடி, மூட்டை முடிச்சோடு அத்தனை பேரையும் தெருவில் நிறுத்திவிடுவார்கள் என்பது அவர்கள் பயம். வீட்டுச் சொந்தக்காரருக்காக வாடகை வாங்க வரும் வசூல் அண்ணன்தான் அந்தப் பயத்துக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றி வளர்ப்பார்.

"யார் வந்து கேட்டாலும் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்பார். அவர் யாருடைய நல்லதைச் சொல்கிறார் என்பதிலும் அக்காவுக்குச் சந்தேகம்தான்.

லாண்டரி அக்கா பிறக்கும்போதே சந்தேகக்காரி இல்லை. ஒரு காலத்தில் நன்றாக நம்பிக்கொண்டிருந்தவள். முதல்முறை வீடு வாங்குகிறவர்களுக்கு அரசு கைகொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, புருஷனும் பெண்டாட்டியுமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு தரகரிடம் போனார்கள். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது அந்த மனிதருக்கு. பேச்சில் தேன் சொட்டும். ஒரு வீட்டைத் திறந்து காட்டி, "பாப்பா, உனக்கு எந்த ஜன்னல் வேணும்?" என்று சின்னவளையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். அது தெருவைப் பார்த்த ஜன்னலைத் தேர்ந்தெடுத்தது. மறுமாதம் போய்ப் பார்த்தால் அந்த வீட்டில் வேறு யாரோ பல வருஷமாகக் குடியிருக்கிறார்கள். தரகர் காற்றாய்ப் போய்விட்டார். சின்னவள் மட்டும் அதற்கப்புறமும் எந்த வீட்டைக் கடந்தாலும் ஜன்னலைப் பார்ப்பாள்.

அக்காவின் புருஷர் ரொட்டி வண்டி ஓட்டுகிறவர். தரகரை நம்பி முதலில் தலையாட்டியது அவர்தான் என்பதால், அதற்குப் பிறகு எதிலும் முந்திக்கொண்டு பேசமாட்டார். கேலி மட்டும் செய்வார்.

"எதுக்கு இந்தம்மாவை இவ்ளோ சந்தேகப்படற? நம்மகிட்ட எடுத்துட்டுப் போக என்ன இருக்கு, பாப்பாவோட இருமலைத் தவிர?"

"ஒரு சாக்ஸு எடுத்தாச்சு."

"ஒத்தைக் கால் ஆளுக்கு யாருக்காவது குடுத்திருக்கும்."

சிரிப்பு வந்தாலும் அக்கா சிரிக்கவில்லை. இருமல் என்ற வார்த்தைதான் காதில் நின்றது. மழைக்காலம் வந்துவிட்டால் சின்னவளுக்கு நெஞ்சில் விசில் அடிக்கும். ஈரச் சுவரை ஒட்டித்தான் அவள் படுக்கை. வேறு எங்கே போடுவது? அறையே அவ்வளவுதான். அடுத்த மழையை அந்தச் சுவரோடு அவள் தாங்குவாளா என்று நினைக்கும்போதெல்லாம் அக்கா எழுந்து அவள் போர்வையைச் சுவரிலிருந்து இழுத்துவிடுவாள்.

ஒரு வாரம் கழித்துக் குழாய் தட்டும் சத்தம் கேட்டது. பீரோ வந்து நின்றது. குடைம்மாவும் வந்தார். குடை இல்லாமல் வந்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. செருப்பை வாசலுக்கு வெளியே ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, கட்டிலில் உட்காராமல் தரையிலேயே உட்கார்ந்தார். குடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவும் கொடுக்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தக் குடை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்பதுபோல் பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா மேடம்?"

"வேண்டாம்மா."

"டீ?"

"வேண்டாம்."

பிறகு அவர் எழுந்து ஒவ்வொரு சுவராகப் போனார். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி புறங்கையைச் சுவரில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மூன்று சுவர்களைப் பார்த்தாயிற்று. நாலாவது சுவர் பீரோவுக்குப் பின்னால்.

"பீரோவைக் கொஞ்சம் நகர்த்தலாமா?"

"கனம் மேடம். உள்ள பூரா பாத்திரம்."

"நான் தொடக்கூடாது. எங்க ஆபீஸ்ல அது சட்டம். நீங்கதான் நகர்த்தணும். நகர்த்தலைன்னா நான் பாத்ததை மட்டும்தான் எழுத முடியும்."

அந்த நேரம் பார்த்துச் சின்னவள் இருமினாள். நெஞ்சுக்குள் எதையோ இழுத்துப் போட்டு உருட்டுவதுபோல இருந்தது.

"எவ்ளோ நாளா?" என்றார் குடைம்மா.

"ஐஸ் தின்னுட்டா" என்றாள் அக்கா.

"நான் ஐஸ் திங்கல" என்றது சின்னவள்.

"நீ சும்மா இரு."

குடைம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட அக்காவுக்கு மனசு ஆறியிருக்கும். கோபப்படாத ஆளை எப்படி நம்புவது?

சந்தேகத்துக்கு நல்ல தீனி இரண்டு நாளில் கிடைத்தது. தையல் அண்ணி ஓடிவந்து மூச்சு வாங்கினாள்.

"வீட்டுக்காரர் வீட்டு வாசல்ல உக்காந்து குடைம்மா டீ குடிக்குது. என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

"நம்ம வீட்ல தண்ணி வேண்டாம்னாங்க."

"அதான் சொல்றேன். நம்ம தண்ணி இறங்காது. அவங்க டீ இறங்கும்."

அன்று சாயங்காலம் படிக்கட்டில் கூட்டம் கூடியது. சொந்தக்காரரும் அந்தம்மாவும் கூட்டு என்றார் ஒருவர். நாம் பீரோவை நகர்த்தினால் அந்தம்மா படம் பிடித்துச் சொந்தக்காரரிடம் காட்டும், அவர் நம்மைக் காலி பண்ணச் சொல்வார், அப்புறம் வேறு ஆளை வைத்து அதிக வாடகை வாங்குவார் என்று இன்னொருவர் கோட்டை கட்டினார். கட்டிய கோட்டை நன்றாகத்தான் நின்றது. அக்கா மனதுக்குள் ஆண்டவனே என்று மட்டும் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த வாரம் குடைம்மா தையல் அண்ணியின் அறைக்கு வந்தார். குழாய் தட்டப்பட்டது, பீரோ போனது. வாசலில் நின்ற அக்கா எல்லாவற்றையும் பார்த்தாள். குடைம்மா பீரோவின் முன்னால் நின்று, அதன் கதவில் இருந்த பள்ளத்தை உற்றுப் பார்த்தார். யார் பிள்ளையோ பந்தால் அடித்து விழுந்த பள்ளம் அது. மூலையில் யாரோ ஒட்டிய ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் வேறு.

"ஏம்மா" என்றார் மெதுவாக. "இந்தப் பீரோவுக்குக் கால் வலிக்காதா?"

தையல் அண்ணியின் முகத்தில் ஈ ஆடவில்லை. "எ... எதுக்கு மேடம்?"

"நாலு ரூம்ல பாத்துட்டேன். பாவம், ஓய்வே இல்ல."

அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. போய்விட்டார். மாடி முழுவதும் கதி கலங்கியது. குட்டு உடைந்துவிட்டது, இனி மோசடி என்று வழக்குப் போடுவார்கள், உதவி வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் நின்றுவிடும் என்று ஆளாளுக்குப் பயம் கிளப்பினார்கள். வழக்கும் வரவில்லை, ஆளும் வரவில்லை. நல்லதும் கெட்டதும் நடக்காமல் நாள் போவதுதான் அக்காவுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தேகமாக இருந்தது.

அக்கா வேலை பார்க்கும் லாண்டரிக் கடையில் அவளுக்கு நீராவி இஸ்திரிப் பெட்டியில் வேலை. துணியைப் பலகையில் விரித்து, ஆவி விட்டு அழுத்தும்போது அந்தத் துணி எங்கெல்லாம் இருந்ததோ அத்தனை வாசனையும் மேலே எழும்பும். ஆஸ்பத்திரி, பொரித்த எண்ணெய், சிகரெட், பிள்ளையின் பால் வாடை என எதுவும் ஆவிக்கு மறையாது. யார் வீட்டுத் துணி என்று பார்க்காமலே பாதி ஊரின் கதை அவளுக்குத் தெரியும். வெளியே சொல்லமாட்டாள். அது தொழிலுக்குச் செய்யும் துரோகம்.

ஒருநாள் பழுப்பு நிற அலுவலகக் கோட்டு ஒன்று வந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முழங்கை கிழிந்து, நீல நூலால் தைக்கப்பட்ட பழுப்புக் கோட்டை அந்த வட்டாரத்தில் குடைம்மா ஒருத்தர்தான் போடுவார். கடைக்காரர் வெளியே போயிருந்தார். பையைத் துழாவிப் பார்க்கலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. அக்கா பையைத் தொடவில்லை. ஆண்டவன் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது ஒரு காரணம், கடைக்காரரின் தம்பி பார்த்துக்கொண்டிருந்தது இன்னொன்று.

ஆவியை விட்டாள். வலது கையின் முனையிலிருந்து முதலில் சுண்ணாம்பு வாசனை வந்தது. சுவர் சுவராகத் தொடுகிற கை, அது ஆச்சரியமில்லை. பிறகு தோள்பட்டையில் ஆவி பட்டது. அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

பூஞ்சை வாசனை.

அது அவளுக்குத் தெரியாத வாசனையா? சின்னவளின் சட்டைகளிலும் போர்வையிலும் மழைக்காலம் முழுக்க அதே வாசனைதானே. கோட்டைத் திருப்பிப் பார்த்தாள். முதுகுப் பக்கம், தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு கறுத்த பட்டை. நாளெல்லாம் ஈரச் சுவரில் ஆணியில் மாட்டப்பட்டுக் கிடக்கும் துணிக்குத்தான் அப்படி விழும். அவர்கள் வீட்டில் புருஷரின் சட்டைக்கும் அப்படித்தான் விழுந்திருந்தது.

"இந்தக் கோட்டுக்காரம்மா எங்க குடியிருக்காங்க?" என்று திரும்பி வந்த கடைக்காரரிடம் கேட்டாள்.

"கடிகாரம் ரிப்பேர் பண்ற கடைக்குப் பின்னாடி, ஒரே ரூம்ல. ரொம்ப வருஷமா. ஏன்?"

"ஆபீஸ்ல பெரிய வேலைன்னாங்களே."

"பெரிய வேலை இல்ல. சின்ன வயசுல அப்பாவோட ஊர் ஊரா வாடகை வீடு மாத்திக்கிட்டே இருந்தவங்களாம். புருஷன் சீக்கிரமே போய்ட்டாரு. தம்பியைப் படிக்க வெச்சாங்க, அவன் எங்கியோ நல்லா இருக்கான். ஆபீஸ்ல கூட்டிப் பெருக்கற வேலையில ஆரம்பிச்சு, படிச்சு, இந்த வேலைக்கு வந்தவங்க. அங்க அவங்களுக்குப் பேரே நகர்த்தலாமா மேடம்."

அக்காவின் முதல் நினைப்பு நல்ல நினைப்பு இல்லை. தன் சுவரையே காயவைக்க முடியாதவர் நம் சுவரை என்ன செய்யப்போகிறார்? உண்மையான அதிகாரியாக இருந்தால் இப்படியா இருப்பார்? ஒருவேளை இவரும் போலிதானோ?

ஆனால் கை கோட்டின் மேலேயே இருந்தது. தரகரின் சட்டை அவள் ஞாபகத்துக்கு வந்தது. அந்தச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை, ஒரு வாசனை இல்லை. எந்தச் சுவரிலும் மாட்டாத சட்டை. சொந்தக்காரரிடம் கைநீட்டி வாங்குகிறவர் இப்படிப் பூஞ்சை பிடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு, நீல நூலால் தைத்துக்கொண்டு, மழையில் நனைந்துகொண்டு நடப்பாரா? வாங்கினதெல்லாம் எங்கே போயிற்று?

சந்தேகம் போய்விடவில்லை. இதுவரை அந்தம்மாவைப் பார்த்து நின்ற சந்தேகம் இப்போது மெல்லத் திரும்பி, படிக்கட்டில் கோட்டை கட்டிய வாய்களைப் பார்த்தது.

அன்று அக்கா அந்தப் பூஞ்சையை வினிகர் போட்டுத் தேய்த்தெடுத்தாள். நீல நூலைப் பிரித்து, பழுப்பு நூலால் முழங்கையைத் தைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த மாதக் கடைசியில் சின்னவளைப் பள்ளியிலிருந்து பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் முகத்தில் மூடியை வைத்து மருந்தைப் புகையாக விட்டார்கள். மருத்துவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"வீட்ல சுவர் ஈரமா?"

அக்காவும் புருஷரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இங்கேயும் எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்ல அக்காவின் வாய் ஒரு நொடி தயாரானது. பழக்கம் அப்படி. பிறகு, "ஆமாங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தை சொன்னதும் ஏதோ திருடிவிட்டு வந்தவள்போல் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை குழாய் தட்டப்பட்டது. பீரோ அக்காவின் அறைக்குள் வந்து நின்றது. குடைம்மா வந்தார், அவர் பின்னாலேயே வசூல் அண்ணனும் வந்தார். கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பல்லைக் குத்த ஆரம்பித்தார்.

"இதுதான் கடைசித் தடவைம்மா. நாளைக்கு எழுதிக் குடுத்திடணும்" என்றார் குடைம்மா. வழக்கம்போல மூன்று சுவர்களில் புறங்கை வைத்தார். நாலாவதின் முன்னால் நின்றார்.

"பீரோவை நகர்த்தலாமா?"

"அதெல்லாம் கனமா இருக்கும் மேடம்" என்றார் வசூல் அண்ணன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. என்னம்மா?"

வாசலில் மாடி முழுக்கக் கூடியிருந்தது. எல்லார் கண்ணும் அக்கா மேல். அவள் புருஷரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். கட்டிலில் சின்னவள் மூச்சு விடுவது எல்லாருக்கும் கேட்டது.

அக்கா எழுந்து போய்ப் பீரோவில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அது அசையவில்லை. மறுபடியும் தள்ளினாள். இரும்பு முனகியது.

"வேண்டாம்மா, சொன்னாக் கேளு" என்றார் வசூல் அண்ணன். பல்குத்தி வாயிலேயே நின்றது.

குடைம்மா பக்கத்திலேயே நின்றார். அவர் கை ரெண்டையும் பின்னால் கட்டியிருந்தார். உதவ வேண்டும் என்று அந்தக் கைகள் துடிப்பது தெரிந்தது. ஆனால் தொடவில்லை. ரொட்டி வண்டிக்காரர்தான் தரையிலிருந்து கண்ணை எடுத்து வந்து பெண்டாட்டிக்குப் பக்கத்தில் நின்றார். "தள்ளு" என்றார். ரெண்டு பேரும் தள்ளினார்கள். எதிர்பாராமல் மூன்றாவதாக ஒரு தோள் சேர்ந்தது. தையல் அண்ணி.

"பாக்காதடி. தள்ளு. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

பீரோ நகர்ந்தது. தரையிலிருந்து ஆள் உயரத்துக்குச் சுவர் கறுத்து, சுண்ணாம்பு கொப்பளித்து, சின்னவளின் தலையணை இருக்கும் இடத்தில் பச்சையாக முளைத்திருந்தது. எல்லார் வீட்டிலும் இருப்பதுதான், ஆனாலும் வெளிச்சத்தில் பார்க்க எல்லாருக்கும் கூச்சமாக இருந்தது.

குடைம்மா புறங்கையை அந்தச் சுவரில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்திருந்தார்.

"இதுக்கெல்லாம் இவங்கதான் காரணம். ரூமுக்குள்ள துணி காயப்போடறாங்க" என்றார் வசூல் அண்ணன். "இந்த மாசமே காலி பண்ணச் சொல்லிடுவாரு எங்க முதலாளி."

"சொல்றதை எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. அதையும் சேத்து வெச்சிடறேன்" என்றார் குடைம்மா கண்ணைத் திறக்காமலே.

வசூல் அண்ணன் பல்குத்தியைத் துப்பிவிட்டுப் படியிறங்கினார். எதுவும் எழுதி வரவில்லை.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான நாட்கள். அலுவலகத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. குழாயில் தண்ணீர் திடீர் திடீரென்று நின்றது. "பீரோ நகர்த்துன மகராசி போறா பாரு" என்று முதுகுக்குப் பின்னால் பேச்சு. ஏமாந்துவிட்டோமோ, இன்னொரு தரகரிடம் மாட்டிக்கொண்டோமோ என்று அக்காவுக்குத் தூக்கம் பிடிக்காது. கண்ணை மூடிக் கும்பிடும்போதுகூட, ஆண்டவனே, அந்தம்மா நல்லவங்கதானே என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பாள்.

பதில் அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் வந்தது. இரண்டு தெரு தள்ளி, நாலாம் மாடியில், இரண்டு அறை. வாடகையில் பெரும்பங்கு அலுவலகம் கட்டும். சாவி கைக்கு வந்த பிறகும் அக்கா நம்பவில்லை. உள்ளே போனதும் ஒவ்வொரு சுவராகப் புறங்கையை வைத்துப் பார்த்தாள். மூக்கை ஒட்டி மோந்தும் பார்த்தாள். புருஷர் சிரித்தார்.

"நக்கியும் பாத்துடு."

சின்னவள் மட்டும் நேராகத் தெருவைப் பார்த்த ஜன்னலுக்குப் போய், இது என்னுடையது என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை அந்த வீட்டில் வேறு யாரும் குடியிருக்கவில்லை.

பழைய கட்டடத்தில் பீரோ இப்போது ஒரே இடத்தில்தான் நிற்கிறது என்று தையல் அண்ணி சொன்னாள். குழாய் தட்டினாலும் யாரும் அசைவதில்லையாம். சொந்தக்காரர் ஆட்களை விட்டுச் சுவரைச் சுரண்ட ஆரம்பித்திருக்கிறாராம். "பாதிதான் சுரண்டியிருக்காங்க. மீதி எப்போன்னு பாக்கலாம். எனக்கு நம்பிக்கையில்ல" என்றாள் அவள்.

குடைம்மா கடைசியாகப் புது வீட்டுக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பழுப்புக் கோட்டு போட்டிருந்தார். முழங்கையைத் தடவியபடியே அக்காவை ஒருமுறை பார்த்தார். அறைகளைச் சுற்றிவந்தார், சுவர்களுக்குக் காய்ச்சல் பார்த்தார், தலையை ஆட்டினார்.

அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து குடையை எடுத்து வந்தாள். "மேடம், இது உங்களோடது. அன்னைக்கே குடுத்திருக்கணும்."

"உங்ககிட்டதான் இருக்குன்னு தெரியும்" என்றபடி குடைம்மா அதை விரித்தார். மடிப்புக்குள்ளிருந்து சின்னவளின் ஒற்றைச் சாக்ஸ் தரையில் விழுந்தது.

எல்லாரும் குனிந்து அதைப் பார்த்தார்கள். பிறகு ரொட்டி வண்டிக்காரர் சொன்னார். "திருடன் மாட்டிக்கிட்டான்."

அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்தக் கூச்சத்திலேயே இன்னொன்றையும் கேட்டுவிட்டாள். "அன்னைக்கு வீட்டுக்காரர் வீட்ல டீ குடிச்சீங்களாமே மேடம்?"

"குடுத்தாங்க. கையில வெச்சிருந்தேன். குடிச்சதை யாராச்சும் பாத்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை. அது உண்மையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அக்கா இன்றைக்கும் அதைப் பற்றி யோசிப்பதுண்டு.

"இனிமே எப்போ வருவீங்க?"

"வரமாட்டேன். இன்னையோட எனக்கு வேலை முடிஞ்சுது. வயசாயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க." குடைம்மா அன்று முதல்முறையாகத் தரையில் உட்காராமல் கட்டிலில் உட்கார்ந்தார். "இப்போ நான் ஆபீஸ் ஆள் இல்ல. ஒரு டம்ளர் தண்ணி குடுங்க."

அக்கா கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"நீங்க எங்க போவீங்க மேடம்? அந்த ரூம்லயேதான் இருப்பீங்களா?"

"நானும் வரிசையில பேர் குடுத்திருக்கேன். என் சுவரை வந்து பாக்க ஒரு பொண்ணை அனுப்பறோம்னு சொல்லியிருக்காங்க. அந்தப் பொண்ணு எப்படிப்பட்டவளோ."

படியிறங்கும்போது வெளியே தூறல் போட்டது. அவர் குடையை விரிக்காமல் கையிடுக்கில் வைத்துக்கொண்டு ஒரு படியில் நின்று திரும்பிப் பார்த்தார். முதல்முறை வீடு வாங்குகிறவர்களுக்கான உதவிக்கு அக்கா மறுபடியும் எழுதிப் போட்டிருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அதற்கும் ஒருவர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்.

"அடுத்து வர்ற ஆளையும் நம்பாதீங்கம்மா. நல்லாக் கேள்வி கேளுங்க, அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்க, சந்தேகப்படுங்க. ஆனா பீரோவை மட்டும் நகர்த்திடுங்க."